மூணுக்கு ரெண்டு: சார்பட்டாவில் இல்லாத ஒரு காட்சி

2021 ஆகஸ்டில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட குறிப்பு இது. நாலு வருஷம் டிராஃப்டிலேயே கிடந்தது. 2025 ஜூனில் வந்த ஒரு செய்தியைப் படித்த பிறகுதான் திரும்ப எடுத்தேன். அந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன். முதலில் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. இந்தப் படத்தைப் பற்றி நிறைய எழுதியாச்சு. எமர்ஜென்சி அரசியல், கலை இயக்கம், டான்சிங் ரோஸ், மாரியம்மா என்று ஒன்றையும் யாரும் விடவில்லை. நான் பேசப்போவது படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி. பாக்ஸிங்கில் யார் ஜெயித்தது என்று காகிதத்தில் எழுதுகிறாரே, அந்த ஆள்.

1. டீக்கடையில் ஒரு வாரம்

படம் அமேசான் பிரைமில் வந்தது 2021 ஜூலை 22. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 29, டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மேரி கோம் தோற்றார்.

நடுவில் அந்த ஏழு நாளும் புளியந்தோப்பில் வேறு பேச்சு கிடையாது. கொரோனா இரண்டாம் அலை தணிந்து கடைகள் திறந்திருந்த நேரம். ஹைரோட்டில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடையில், கையில கிளாஸ் வைத்துக்கொண்டே தோளை ஆட்டி ஆட்டிக் காட்டாத பையன் இல்லை. எல்லாருக்கும் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ ‘அந்தக் காலத்துல ரிங்குல ஏறினவரு’ என்று திடீரென்று முளைத்திருந்தார். பாதி புளுகு என்று தெரியும். ஆனாலும் கேட்க நல்லா இருந்தது. நம்ம ஊர் வெளிச்சத்துக்கு வந்த சந்தோஷம்.

அப்படி இருக்கும்போதுதான் மேரி கோம் மேட்ச். 51 கிலோ பிரிவு, காலிறுதிக்கு முந்தைய சுற்று. எதிரில் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியா, ரியோவில் வெண்கலம் வாங்கியவர். மேரிக்கு அப்போது 38 வயது. மூன்று ரவுண்டு முடிந்து முடிவு சொன்னார்கள்: மூணுக்கு ரெண்டு, வலென்சியா. மேரி தானே ஜெயித்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டே ரிங்கை விட்டு இறங்கினார். தோற்றது அவருக்கே பிறகுதான் உறைத்தது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்பதுதான் மோசம் என்று அப்புறம் பேட்டியில் புலம்பினார்.

சாயந்தரம் டீக்கடையில் நடந்தது இது. என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

“இன்னாபா கணக்கு இது? ரெண்டாவது ரவுண்டு மேரி, மூணாவது ரவுண்டும் மேரி. மூணுல ரெண்டு கெலிச்சவ எப்டிப்பா தோப்பா?”

“ஜட்ஜு அல்லாம் துட்டு வாங்கிட்டான்.”

“துட்டு வாங்கறதா இருந்தா மேரி பக்கம் ரெண்டு பேரு ஏன் போட்டான்? அஞ்சு பேரையும் வாங்கிருப்பானே.”

“கபிலன் மாரி அடிச்சுப் படுக்க வெச்சிருந்தா இந்தப் பேச்சே இல்லபா.”

கடைசி வரியைச் சொன்னவன் இருபது வயசுப் பையன். அதைக் கேட்டதும் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வரி என்னை விடவில்லை. படம் நமக்கு என்ன கற்றுக் கொடுத்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

2. அந்தக் கணக்கு

முதலில் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஏனென்றால் அன்று கடையில் யாராலும் தீர்க்க முடியவில்லை.

ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக, பக்கத்து ஆளைக் கேட்காமல், ஒவ்வொரு ரவுண்டிலும் யார் மேல் என்று முடிவு செய்து அவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்குக் கீழே போடுகிறார். மூன்று ரவுண்டு முடிந்ததும் ஒவ்வொரு நடுவரின் சீட்டையும் தனியாகக் கூட்டுகிறார்கள். எந்தப் பக்கம் அதிகச் சீட்டு விழுகிறதோ அந்தப் பக்கம் வெற்றி. ரவுண்டை யாரும் எண்ணுவதில்லை, சீட்டைத்தான் எண்ணுகிறார்கள்.

மேரி மேட்சில் முதல் ரவுண்டில் நாலு பேர் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள், ஒருவர் மட்டும் மேரிக்கு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மூன்று பேர் மேரிக்கு, இரண்டு பேர் வலென்சியாவுக்கு. இப்போது நடுவர்களுக்கு க, ச, ட, த, ப என்று பேர் வைத்துக்கொள்வோம். இது விளங்கிக்கொள்ள நான் போடும் ஒரு உதாரணம்தான், அசல் சீட்டு இல்லை. க மூன்று ரவுண்டும் மேரிக்கு. ச முதல் ரவுண்டை மட்டும் வலென்சியாவுக்குக் கொடுத்து மற்ற இரண்டை மேரிக்கு. ட இரண்டாவதை மட்டும் மேரிக்கு. த மூன்றாவதை மட்டும் மேரிக்கு. ப ஒன்றுமே மேரிக்கு இல்லை. ரவுண்டு வாரியாகப் பார்த்தால் 1-4, 3-2, 3-2. சரியாக வருகிறது. சீட்டு வாரியாகக் கூட்டினால் க, ச மேரி பக்கம். ட, த, ப வலென்சியா பக்கம். மூணுக்கு ரெண்டு.

ஆக ‘மூணுல ரெண்டு கெலிச்சவ எப்படித் தோப்பா’ என்பதற்குப் பதில் உண்டு. முதல் ரவுண்டில் நாலு பேரை இழந்ததுதான் மேரியைச் சாய்த்தது. துட்டு, சதி எதுவும் இல்லாமலே இது நடக்கும்.

இதற்கு அர்த்தம் தீர்ப்பு சரி என்பதா? இல்லை. கூட்டல் சரி, அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு 10-ம் 9-ம் சரியா என்பது வேறு கேள்வி. ரசிகர்கள் சண்டை போடும்போது இந்த இரண்டும் கலந்துவிடுகிறது. கூட்டலில் சதி தேடுகிறோம். பார்வையில் இருக்கிற பிழையை அப்படியே விட்டுவிடுகிறோம்.

3. விழுந்தவன் எழாத படம்

இப்போது படத்துக்கு வருவோம். ‘சார்பட்டா பரம்பரை’யில் நம் நினைவில் நிற்கிற மோதல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் மீரான், வேம்புலியிடம் அடிவாங்கிச் சாய்கிறான். நடுவில் கபிலன், டான்சிங் ரோஸைச் சாய்க்கிறான். கடைசியில் கபிலன், வேம்புலியைச் சாய்க்கிறான். மூன்றும் நாக்-அவுட். நடுவில் ஒரு மோதல் முடியாமல் போகிறது. கபிலன் கை ஓங்கும் நேரத்தில் தணிகாவின் ஆட்கள் புகுந்து கலவரம் செய்து, அவன் உடையை உரிக்கிறார்கள். 1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட சமயத்தோடு படம் அதை முடிச்சுப் போடுகிறது. ஆக நாலில் ஒன்றிலும் சீட்டைக் கூட்டி, மைக்கில் பேர் சொல்லி, ஒருவன் கையைத் தூக்கும்வரை இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி இல்லை.

படத்தின் மொத்தக் கதையும் ஒரு சவாலில் தொங்குகிறது. ரங்கன் வாத்தியார் எல்லார் முன்னாடியும் சொல்கிறார்: அடுத்த மோதலில் வேம்புலியை ஜெயிக்கவில்லை என்றால் சார்பட்டா பரம்பரையே இனி ரிங்கில் ஏறாது. ஒரு பரம்பரையின் மானத்தை ஒரே முடிவில் வைக்கிறார். அப்படி வைக்க வேண்டுமென்றால் அந்த முடிவு சந்தேகமில்லாமல் இருந்தாக வேண்டும். மூணுக்கு ரெண்டு என்று வந்தால் அந்தச் சவால் என்ன ஆகும்? ‘ரெண்டு பேர் எங்க பக்கம் போட்டாங்களே’ என்று சார்பட்டா ஆட்கள் சொல்வார்கள். ‘தோல்வி தோல்விதான், கிளவுஸை கழட்டு’ என்று இடியாப்ப பரம்பரை சொல்லும். ரங்கன் வாத்தியார், அந்த நேர்மையான மனுஷன், என்ன செய்வார்? வாக்கைக் காப்பாற்றுவாரா, தன் பையன் கண்ணில் தெரிகிற அநியாயத்தைக் காப்பாற்றுவாரா? பசுபதி மாதிரி ஒரு நடிகர் கையில் இருக்கும்போது அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்திருக்கும்! படம் அந்தப் பக்கமே போகவில்லை.

மற்றவர்கள் போயிருக்கிறார்கள். சார்பட்டா கதை நடக்கிற அதே 1976-ல்தான் அமெரிக்காவில் ‘ராக்கி’ வந்தது. அதில் ராக்கி கடைசி மோதலில் பிரிந்த தீர்ப்பில் தோற்கிறான். அறிவிப்பு மைக்கில் ஓடுகிறது, அவன் காதில் வாங்காமல் காதலியைத் தேடுகிறான். 1980-ல் வந்த மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘ரேஜிங் புல்’ இன்னும் மேலே போகிறது. அதில் நாம் பார்க்கிற முதல் மோதலே தகராறான தீர்ப்பு. 1941-ல் ஜேக் லமோட்டா எதிராளியைத் தரையில் உருட்டியும் பாயிண்டில் தோற்கிறான், நாற்காலி பறக்கிறது, கூட்டம் மிதிபடுகிறது. நிஜத்திலும் கிளீவ்லாண்டில் அப்படிக் கலவரம் நடந்தது. அடி மட்டும் போதாது, அடியைப் பார்த்து எழுதுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று அந்தப் படம் முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிடுகிறது.

சார்பட்டாவில் அநியாயம் வரும்போது கட்டையோடு, முகத்தைக் காட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே வருகிறது. பாக்ஸிங்கில் அநியாயம் பெரும்பாலும் அப்படி வராது. வெள்ளைச் சட்டை போட்டு, பேனா பிடித்து, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

4. எதிர்வாதம்

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதையும் எழுதியாக வேண்டும்.

“நீ ஏன் அந்த நடுவரைத் தேடுற? நம்ம சனத்துக்கு மார்க்கு போட்டவன் எவன்? சர்டிபிகேட் கொடுத்தவன் எவன்? தலைமுறை தலைமுறையா இன்னொருத்தன் கையெழுத்துக்கு நின்ன ஆளுங்க நாம. ஒரு படத்துலயாவது எவன் கையெழுத்தும் இல்லாம ஜெயிக்கட்டுமே. நாக்-அவுட்னா அதான். பத்து எண்ணு, அவ்ளோதான். அத எவனாலயும் மாத்தி எழுத முடியாது.”

ரஞ்சித் நாக்-அவுட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட நல்ல காரணம் யாரும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். யாருடைய சான்றிதழும் தேவைப்படாத வெற்றி. படம் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்ததும் அதனால்தான்.

ஆனால் அந்தச் சிலிர்ப்பு டீக்கடைக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தோமே. ‘கபிலன் மாரி படுக்க வெச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல.’ அநியாயமாகத் தோற்றவளிடம் போய், நீ இன்னும் பலமா அடிச்சிருக்கணும் என்கிறோம். தீர்ப்பு எழுதினவனைக் கேட்க வேண்டிய கேள்வியை அடிவாங்கினவள் பக்கம் திருப்பிவிடுகிறோம்.

நிஜத்தில் எங்க பக்கத்துப் பிள்ளைகள் யாரும் கபிலன் மாதிரி ஆடுவதில்லை. ஆட விடவும் மாட்டார்கள். மூன்று ரவுண்டு, ஆளுக்கு ஒன்பது நிமிஷம், பெரும்பாலும் பாயிண்ட். மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியம். அங்கே வாங்குகிற ஒரு வெண்கலச் சர்டிபிகேட் போலீசிலோ ரயில்வேயிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பம் போட உதவும். அரையிறுதிக்கு முன்னாடி மூணுக்கு ரெண்டில் வெளியே வந்தால் அந்தக் காகிதமும் கிடையாது. மீன் ஏலம் விடுகிற அம்மா, லோடு ஏற்றுகிற அப்பா, காலையில அஞ்சு மணிக்கு ஓடுகிற பொண்ணு, எல்லாருடைய கணக்கும் அந்த ஒரு சீட்டில் இருக்கிறது. வடசென்னை பாக்ஸிங்கின் இன்றைய துயரம் அந்த மேசையில்தான். அதைத் தவிர்த்துவிட்டு எடுத்த படம் அழகான படம். ஆனால் ஒரு கனவு.

5. நம்ம பக்கம், அவங்க பக்கம்

படத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. ரசிகர்களாகிய நாமும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை. மூன்று இந்திய மோதல்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

2012 லண்டன். சுமித் சங்வான், பிரேசிலின் யமகுச்சி ஃபல்காவோவிடம் 14-15 என்று ஒரே பாயிண்டில் தோற்றார். இந்தியா புகார் கொடுத்தது, தள்ளுபடி ஆனது. நாடே கொதித்தது.

அதே லண்டன், சில நாள் கழித்து. விகாஸ் கிருஷன், அமெரிக்காவின் எரல் ஸ்பென்ஸை 13-11 என்று ஜெயித்தார். அமெரிக்கா புகார் கொடுத்தது. வீடியோவைப் பார்த்தார்கள். மூன்றாவது ரவுண்டில் மட்டும் விகாஸ் ஒன்பது தடவை எதிராளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இரண்டாவது ரவுண்டில் வேண்டுமென்றே பல் கவசத்தைத் துப்பியிருக்கிறார், ரெஃப்ரி எச்சரிக்கவே இல்லை என்று சொல்லி நாலு பாயிண்டை ஸ்பென்ஸுக்குச் சேர்த்தார்கள். 15-13. தீர்ப்பு மாறியது. மறுபடியும் நாடே கொதித்தது.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு. சரிதா தேவி, தென்கொரியாவின் பார்க் ஜி-நாவிடம் அரையிறுதியில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அடுத்த நாள் பதக்க மேடையில் தன் வெண்கலத்தை அழுதுகொண்டே அந்தக் கொரியப் பெண் கழுத்திலேயே போட்டுவிட்டு இறங்கினார். சர்வதேச சங்கம் அவருக்கு ஒரு வருஷத் தடை போட்டது. அப்போதும் கொதித்தோம்.

மூன்று தடவையும் ஒரே கொதிப்பு. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி வழக்கு இல்லை. சரிதா மேட்சில், பார்த்த பலருக்கும் அவர்தான் மேல் என்று பட்டது. விகாஸ் மேட்சில் நாம் ரீப்ளேயை நிதானமாகப் பார்த்தால் அவர் கட்டிப்பிடித்துக்கொண்டே நேரத்தை ஓட்டியது கண்ணுக்குத் தெரியும். விகாஸ் அந்தப் பக்கம் இருந்து, ஸ்பென்ஸ் இந்தியாக்காரராக இருந்திருந்தால், ‘ஒன்பது தடவை புடிச்சான், ரெஃப்ரி கண்ணு பொட்டையா’ என்று நாம்தான் கத்தியிருப்போம். நம் கொதிப்புக்குக் காரணம் விதி உடைந்தது இல்லை, நம்ம ஆள் தோற்றது. அது இருக்கிறவரை நாம் போடுகிற சத்தத்தை எந்த நடுவரும் மதிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதற்காகச் சதியே கிடையாது என்று சொல்லவில்லை. இருந்திருக்கிறது. 2016 ரியோ பாக்ஸிங்கில் முடிவுகளை வளைக்க ஏற்பாடு இருந்தது என்று 2021-ல் மெக்லாரன் அறிக்கை சொன்னது. ரியோவில் வேலை பார்த்த 36 நடுவர்களையும் டோக்கியோ பக்கமே விடவில்லை. மேரியின் மேட்சை நடத்தியது பழைய சங்கம் இல்லை, ஒலிம்பிக் கமிட்டி அமைத்த தனிக்குழு. ‘எல்லாம் துட்டு’ என்று ஒரே வரியில் முடிப்பவர்களுக்கு ரியோவும் டோக்கியோவும் ஒன்றாகத் தெரியும். அப்படித் தெரிவதால் லாபம் நிஜமாகவே துட்டு வாங்கினவனுக்குத்தான்.

6. சியோல்

இந்தக் குறிப்பைத் திரும்ப எடுக்க வைத்த செய்திக்கு வருகிறேன்.

1988 சியோல் ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் ஜூனியர், தென்கொரியாவின் பார்க் சி-ஹன். எண்ணினவர்கள் கணக்குப்படி ஜோன்ஸ் அடித்தது 86, பார்க் அடித்தது 32. முடிவு: மூணுக்கு ரெண்டு, பார்க். அதே ஒலிம்பிக்ஸின் சிறந்த பாக்ஸருக்கான கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கூத்து. 1997-ல் ஒலிம்பிக் கமிட்டி விசாரணையை முடித்து, ஊழலுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. தங்கம் பார்க் பேரிலேயே நின்றது. இந்த மாதிரி அசிங்கங்களுக்குப் பிறகுதான் 1992 பார்சிலோனாவில் நடுவர் கையில் பட்டன் கொடுத்து கம்ப்யூட்டரில் பாயிண்ட் எண்ணினார்கள். அதுவும் சரிப்படாமல் 2013-ல் இப்போதைய பத்துப் பாயிண்ட் முறைக்கு வந்தார்கள்.

2025 ஜூனில் ஜோன்ஸ் ஒரு வீடியோ வெளியிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2023-ல், பார்க் கொரியாவிலிருந்து மகனோடு அமெரிக்கா போய், ஜோன்ஸ் வீட்டு வாசலில் அந்தத் தங்கப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறார். இது உங்களுடையது என்று. முப்பத்தைந்து வருஷம் கழித்து.

அதை நான் மூன்று நாலு தடவை பார்த்தேன். அழுகை வந்தது. ஆனால் பார்க்கைப் பார்த்துத்தான் அதிகம் அழுகை வந்தது, ஜோன்ஸைப் பார்த்து இல்லை. ஜோன்ஸ் தொழில்முறை பாக்ஸிங்கில் உலக சாம்பியன் ஆனவர், பணம் பேர் எல்லாம் பார்த்தவர். பார்க், தான் எழுதாத ஒரு தீர்ப்பை முப்பத்தைந்து வருஷம் சுமந்திருக்கிறார். அந்தச் சீட்டுகளை எழுதியவர்களில் யாரும் அந்த வாசலில் வந்து நிற்கவில்லை.

தப்பான தீர்ப்பில் தோற்றவன் மட்டும்தான் பாதிக்கப்படுகிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம்ம படங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. வேம்புலி தணிகா ஆட்களின் உதவியால் தப்பித்த பிறகு ராத்திரி எப்படித் தூங்கினான் என்று படம் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

7. நான் எழுதிய சீட்டு

இதை எழுதாமல் முடித்தால் நான் மேலே எழுதியதெல்லாம் வெறும் வாய் என்று எனக்கே தோன்றும்.

சில வருஷம் முன்னால் ஒரு பொங்கல் விழா. தெருமுனையில் கயிறு கட்டி ரிங் போட்டிருந்தார்கள். பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு மூன்று ரவுண்டு. பரிசு ஒரு கோப்பை, சர்டிபிகேட் எதுவும் கிடையாது. வரவேண்டிய மூன்று நடுவரில் ஒருவர் வரவில்லை. ‘அண்ணே, நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்களே, உக்காருங்க’ என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு பையன் எங்க தெரு. இன்னொருத்தன் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். கூட்டம் முழுக்க எங்க தெரு. எங்க பையன் கையை வீசும்போதெல்லாம், பட்டதோ படலையோ, ஓவென்று சத்தம். அந்தப் பையன் குத்தும்போது சத்தமே இல்லை. இரண்டாவது ரவுண்டை எங்க பையனுக்கு எழுதினேன். ரெண்டுக்கு ஒண்ணு என்று எங்க பையன் ஜெயித்தான்.

முடிந்த பிறகு அந்தப் பையன் நேராக என்கிட்ட வந்தான். கோபம் எல்லாம் இல்லை.

“அண்ணே, ரெண்டாவது ரவுண்டு எனக்கு ஏன் போடல? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்.”

என்னால் சொல்ல முடியவில்லை. அவன் எங்கே தப்பு செய்தான் என்று யோசித்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது சத்தம் மட்டும்தான். “அவன் கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சான்பா” என்று என்னமோ உளறினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நம்பவில்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது.

இங்கிலாந்தில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வை அதற்கப்புறம்தான் படித்தேன். தகுதிபெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே மேட்சின் 47 மோதல்களைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, பாதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணி மேல் கொடுத்த ஃபவுல் சுமார் 15 சதவீதம் குறைவு. அவர்கள் யாரும் காசு வாங்கவில்லை. காது திறந்திருந்தது, அவ்வளவுதான். நான் அந்த மேசையில் என்ன செய்தேன் என்பதற்கு அந்த ஆய்வில் விளக்கம் இருந்தது. அந்தப் பையனுக்குச் சொல்ல பதில் இல்லை.

8. சத்தத்தை நிறுத்திப் பார்ப்பது

மேரி மேட்ச் நடந்த அன்று கடையில் ஒரு பெரியவர் இருந்தார். அந்தக் காலத்தில் நிஜமாகவே கிளவுஸ் போட்டவர், அதைச் சொல்லிக்கொள்ளாதவர். பசங்க கத்தி ஓய்ந்த பிறகு, “போன்ல ரீப்ளே போடு, சத்தத்த வுட்ராத, அணைச்சிடு” என்றார். “யாரு பேரையும் பாக்காத. செவப்பு, நீலம். அத்த மட்டும் பாரு.”

நாலு பேர் பார்த்தோம். கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதினோம். நாலு சீட்டும் நாலு விதமாக வந்தது. கூட்டிப் பார்த்தால் ரெண்டு பேர் மேரி, ரெண்டு பேர் வலென்சியா. நான் வலென்சியாவுக்கு 29-28 எழுதியிருந்தேன். சொல்லவே கூச்சமாக இருந்தது.

“நைனா, அப்போ மேரி தோத்தது சரின்றியா?” என்று அந்த இருபது வயசுப் பையன் கேட்டான்.

“சரின்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. நீ முதல் ரவுண்ட ஏன் மேரிக்குப் போட்ட, அத்த சொல்லு.”

பையன் சொல்ல ஆரம்பித்தான். மேரி உள்ளே போய் அடித்தது, வலென்சியா தள்ளிக்கொண்டே இருந்தது, எது முஷ்டியால் பட்டது எது கிளவுஸின் பக்கத்தால் பட்டது என்று. பெரியவர் நடுவில் நிறுத்தி நிறுத்தி, ‘எங்க, காட்டு’ என்றார். ஒரு குத்துக்காக நாலு தடவை ரிவைண்ட் ஓடியது. டீ ஆறிப்போச்சு. அரை மணி நேரம் முன்னால் ‘துட்டு வாங்கிட்டான்’ என்று கத்தியவர்கள், இப்போது இடது கை ஹூக் தலையில் பட்டதா தோளில் பட்டதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சார்பட்டாவில் எனக்கு வேண்டியிருந்த காட்சி இதுதான். ரங்கன் வாத்தியார் வீட்டுத் திண்ணையில், தீர்ப்பு போன ராத்திரி, பத்துப் பேர் உட்கார்ந்து ஒவ்வொரு ரவுண்டாக வாயாலேயே திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒருவன் இடியாப்ப பரம்பரை பக்கம் நின்று வாதாடுகிறான். வாத்தியார் ஒவ்வொருத்தனையும் ‘ஏன்’ என்று கேட்கிறார். கபிலன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தில் அதற்கு இடம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அடுத்து யாராவது வடசென்னை பாக்ஸிங் எடுத்தால் அந்தத் திண்ணையை மறக்காமல் வைக்கட்டும்.

அந்தப் பொங்கல் பையனை அதற்கப்புறம் ஒரு தடவை பேசின் பிரிட்ஜ் பக்கம் பார்த்தேன். தோளில் பை, பையில் கிளவுஸ் தொங்கியது. இன்னும் விடவில்லை போல. நான் கூப்பிடவில்லை. இரண்டாவது ரவுண்டு உன்னுதுதான்பா என்று சொல்லியிருக்கலாம். அதற்கான காரணமும் இப்போது என்னிடம் இருக்கிறது.